சம்மதக் கடிதத்தில் என் கையெழுத்து

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஆறு பேர். நான் பெற்றது நான்கு, நாத்தனார் கண்மூடியபோது விட்டுப் போனது ஒன்று, இப்போது மகன் வயிற்றுப் பேத்தி ஒருத்தி. ஆறு பேரில் ஒருவரைக்கூடப் படிக்கிற வயதில் உப்பளத்துப் பாத்தியில் நான் இறக்கியதில்லை. காலில் புண்ணோடு உப்பு வாரியதெல்லாம் என்னோடு போகட்டும் என்று இருந்தேன். இதை மரக்காணத்தில் யார் முன்னாலும் சொல்வேன்.

மகனும் மருமகளும் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, மாதா கோயிலில் பூசை பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் பெற்றோர் என்கிற இடத்தில் என் கையெழுத்துதான். கைநாட்டு இல்லை. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் விரலில் மை படாதவள் நான் ஒருத்திதான். மடத்து சிஸ்டர் ஒருவர் என் பேரை எழுதக் கற்றுக்கொடுத்தார். பேரோடு சரி. பஸ் போர்டு, கோயில் போர்டு என்றால் நின்று நிதானமாக எழுத்துக் கூட்டிவிடுவேன். காகிதத்தில் இருக்கிற பொடி எழுத்து எனக்குப் பிடிபடாது. இதைப் பேத்தியிடம் நான் சொல்லாமலே இருந்தேன்.

அவள் ஒன்பதாவது படிக்கிறாள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் அவர்களுக்குப் பாடம் கிடையாது, மன்றம். தமிழ் மன்றம், இங்கிலீஷ் கிளப், அறிவியல் மன்றம், ஆட்டம் பாட்டுக்கு ஒன்று. முதலில் இங்கிலீஷ் கிளப்பில் சேர்ந்தாள். அந்த மாதம் எங்கள் வீட்டுக் கோழிகூட இங்கிலீஷில்தான் விரட்டப்பட்டது. பிறகு அறிவியல் மன்றத்துக்கு மாறினாள். அவளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பெட்டி செய்தார்கள். உள்ளே கறுப்புப் பெயிண்ட், மேலே சாய்வாக ஒரு கண்ணாடி. உப்புத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தால் ஆவி கண்ணாடியில் படிந்து, நல்ல தண்ணீராக வழிந்து டம்ளரில் இறங்கும்.

"நாள் பூரா காய வச்சு முக்கா டம்ளரா? குடிக்கிறதுக்குள்ள நா வறண்டு செத்துடுவேன்டி" என்றேன்.

"நீங்கல்லாம் தண்ணிய வுட்டுட்டு உப்ப எடுத்தீங்க ஆயா. நாங்க உப்ப வுட்டுட்டுத் தண்ணிய எடுக்குறோம். இன்னா தப்பு?" என்றாள்.



அந்தப் பெட்டி விழுப்புரத்தில் நடக்கிற கண்காட்சிக்குத் தேர்வானது. மூன்று பேர் போகலாம். தமிழிலும் இங்கிலீஷிலும் எடுத்துச் சொல்கிற வேலை என் பேத்திக்கு. சனிக்கிழமை விடியுமுன் வேனில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். கேட்டதும் நான் முணுமுணுத்தேன். வயசுக்கு வந்த பெண், அவ்வளவு தூரம் எதற்கு என்றேன். இரண்டு நாள் அப்படிச் சொல்லிவிட்டு மனதுக்குள் சம்மதித்துவிட்டேன். சம்மதித்ததை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்திருந்தாள். பேத்தி உள்ளே தலை பின்னிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"ஆயா, டிவி மேல பேப்பர் இருக்குது. கையெழுத்துப் போட்டு என் ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சுடு. எங்க போடணும்னு தெரியும்ல?"

"எத்தினி பேப்பர்ல போட்டிருக்கேன். எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?"

"யக்காவுக்கு இன்னா, கலெக்டரு கணக்காப் போடுவாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

காகிதத்தில் புள்ளிக்கோடு இரண்டு இருந்தது. ஒன்று நடுவில், ஒன்று அடியில். நடுவில் இருப்பது டீச்சருக்கு என்று நினைத்தேன். பாங்கு, ரேஷன், சங்கம், முதியோர் பணம், நான் பார்த்த எல்லாக் காகிதத்திலும் கையெழுத்து அடியில், வலது ஓரத்தில்தான். அங்கேயே போட்டேன். அழகாகவும் போட்டேன். நான்காக மடித்து வைத்தேன். அவள் பிரித்துப் பார்க்காமல் டீச்சரிடம் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் வந்தவள் பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஆயா, ஒன்னு கேக்கட்டா? நீ வேணும்னுதான் கீழ போட்டியா?"

"எதக் கீழ?"

"கையெழுத்த. மேல போட்டா அனுப்ப சம்மதம்னு அர்த்தம். கீழ போட்டா சம்மதம் இல்லைன்னு அர்த்தம். நீ கீழ போட்டிருக்க."

பக்கத்து வீட்டுக்காரி அவள் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், காது இந்தப் பக்கம்தான் இருந்தது. தெரியாமல் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"ஆமா. யோசிச்சுதான் போட்டேன்" என்றேன். "பொட்டப்புள்ளைக்கு விழுப்புரம் இன்னாத்துக்கு?"

இந்த இடத்தில், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எழுதுடி என்றேன். எழுதுகிறாள்.

அன்று ராத்திரி மகன் போன் செய்தான். அவள் அழுதுகொண்டே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான். திட்டுவான் என்று நினைத்து வாங்கினேன்.

"நல்லதும்மா. நீ இருக்கிற தைரியத்துலதான் நாங்க இங்க வேல பாக்குறோம்" என்றான்.

திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. புகழ்ந்துவிட்டான். அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது?

செவ்வாய்க்கிழமை பேத்தி தனக்குப் பதிலாகப் போகிற பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தாள். இரண்டு பேரும் பின்பக்கம் உட்கார்ந்து பாடம் பண்ணினார்கள். நான் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் எவாப்பரேஷன் என்று ஆரம்பித்து நடுவிலேயே நின்றுவிடுவாள். இவள் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பாள். பத்து முறை இருக்கும்.

"எனக்கு வராதுடி. நீயே வாயேன்."

"எங்க ஆயா வுடாது."

"ஏன்டி வுடாது?"

"தெரியல. அது அப்பிடித்தான்."

கையில் இருந்த மீனைத் தலை எது வால் எது என்று பார்க்காமல் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை முழுக்க ஒரு வழி தேடினேன். பொய்யும் சொல்லக்கூடாது, உண்மையும் வெளியே வரக்கூடாது. கடைசியில் கிடைத்தது: மனசு மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம். பெரியவள், வேண்டாம் என்றாள், இப்போது சரி என்கிறாள். யார் கேட்கப்போகிறார்கள்? முட்டி வலியோடு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். ஈ.சி.ஆர் ரோட்டைத் தாண்ட நிற்கும்போது சொல்ல வேண்டியதை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கேட்டில் வாட்ச்மேன் ஒரு நோட்டை நீட்டினார். பேரை எழுதினேன்.

"வந்த காரணம் எழுதலியே ஆயா?"

"அத டீச்சர்கிட்ட சொல்லிக்கிறேன்."

அறிவியல் டீச்சர் சின்னப் பெண். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மனசு மாறிய கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் டைம் இருந்துச்சும்மா. பேரெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பியாச்சு. இனிமே எங்களால மாத்த முடியாது."

எழுந்திருக்க நினைத்தேன். அவர் விடவில்லை.

"நீங்க யோசிச்சுதான் போட்டீங்கன்னு எனக்கு நம்பிக்கையே இல்ல. உங்க பேத்தியும் நம்பல. எங்க ஆயா அப்பிடிச் செய்யாது, எடம் மாறிப் போட்டிருக்கும்னு திங்கக்கெழமையே என்கிட்ட சண்ட போட்டா. புதுப் பேப்பர் ஒன்னு குடுத்து அனுப்பினேன். மறுநாள் அத வெறுமனே திருப்பிக் குடுத்துட்டா. இல்ல மிஸ், யோசிச்சுதான் போட்டாங்களாம்னா."

அப்படியென்றால் அவள் பையைக் கழற்றாமல் வாசலில் நின்றபோது அந்தப் புதுக் காகிதம் பைக்குள் இருந்திருக்கிறது. நான் ஆமா என்று சொன்னதால் அது வெளியே வரவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்" என்றேன். "எம்பேரு மட்டுந்தான் எழுதுவேன். எங்க போடறதுன்னு தெரியாம கீழ போட்டுட்டேன். கேட்டப்ப மறைச்சுட்டேன்."

எழுபத்து மூன்று வயதில் அந்த வார்த்தைகளை முதல் தடவையாகச் சொன்னேன். டீச்சர் உடனே யாருக்கோ போன் செய்து நெடுநேரம் பேசினார். சார், ஒரு பேருதான் சார் என்று இரண்டு மூன்று முறை கெஞ்சினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் அவர் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

மணி அடிக்கும்வரை கேட்டுக்கு வெளியே நின்றேன். பேத்தி வந்தாள், என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"இன்னா ஆயா, யாருக்கு இன்னா ஆச்சு?"

ரோட்டோரத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"தெரியலன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும் ஆயா. நா ஒன்னப் பாத்து சிரிச்சிருப்பேன்னு நெனச்சியா?"

ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இல்லை என்றால் அது இன்னொரு பொய். அவள் எனக்கு நான்கடி முன்னால் நடந்தாள். ரோடு தாண்டுகிற இடத்தில் மட்டும் நின்று என் கையைப் பிடித்தாள், தாண்டியதும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை விடியுமுன் எழுந்து பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு வந்தாள். அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தாள். பதினொரு மணிக்கு, இப்போது நம் முறை வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பரிசு வரவில்லை. போன மூன்று பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். பெட்டி செய்தவர்களில் இவள் பேர் மட்டும் எதிலும் இல்லை.

இப்போது என்னோடு பேசுகிறாள். முன்பு மாதிரி என்று சொல்ல மாட்டேன்.

மகனுக்கு இன்னும் தெரியாது. அம்மா தடுத்துவிட்டாள், நல்லதுதான் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நினைப்போடு விட்டால் அடுத்த தடவை அவனே வேண்டாம் என்பான், என் பேரைச் சொல்லியே தடுப்பான். அந்தப் பயம்தான் என்னை இதைச் சொல்ல வைத்தது. வரும் ஞாயிறு பூசை முடிந்து அவன் வந்ததும் இதை அவன் கையில் கொடுக்கப்போகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வேறு மாதிரி மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அவன் படிக்கும்போது நான் எங்கே உட்கார்ந்திருப்பேன், கண்ணை எங்கே வைத்திருப்பேன் என்று இப்போதே யோசனையாக இருக்கிறது.

போதும்டி, நிறுத்து. மொதல்லேர்ந்து மெதுவாப் படி, கேக்கிறேன். வாசல்ல நின்னு நீ கேட்டதும் நான் சொன்னதும் அப்பிடியே இருக்குதான்னு பாக்கணும். எனக்காக எதையும் வுட்டுட்டுப் படிக்காத.