நான்காவது போர்ட்டின் சுவர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்பது அம்பிட்டியப் பக்கம் வாகனம் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் என்னிடம் வருகிறார்கள் என்றால், எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டில் நான் கை வைத்தால் வேலை கெடாது என்று எனக்கொரு பெயர் இருப்பதால்தான். அந்தப் பெயரை ஒருமுறை எப்படிக் காப்பாற்றிக்கொண்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதக் கை கூசுகிறது.

கராஜ் எனக்கும் தம்பிக்கும் பொதுவானது. இருவரும் கலஹாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே காம்பிராவில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் பட்டறைக்குள்ளேயே கிடப்பவன். அவன் ஓட்டுகிறவன். மலைப்பாதையில் ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்க்கும் போட்டிகளுக்குப் போவான். அதற்காகவே ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, அதில் டர்போ எஞ்சின் ஒன்றை ஏற்றியிருந்தோம். அவன் மனைவிக்கு இந்த ஓட்டம் துளியும் பிடிக்காது. எஞ்சின் வேலையை நான்தான் செய்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவைத்திருந்தாள்.

அந்த எஞ்சினுக்கு எங்களிடம் இரண்டு ஹெட்டுகள் இருந்தன. ஒன்று அதனுடனேயே வந்தது. காற்று உள்ளே போகும் வழியை நாங்கள் போர்ட் என்போம். அதில் அந்த வழிகள் சிறியவை, சுவர்கள் தடிப்பு. மற்றது பிந்திய மாடல். போர்ட்டுகள் பெரியவை, பார்க்கவே வாயூறும். அதை அலவத்துகொடையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் வாங்கினேன். கொடுக்கும்போதே அவர் சொன்னார்:

"தம்பி, இத மிச்சம் தோண்டப் போகாதீங்க. சொவரு மெல்லிசா ஈக்குது."

சாமான் விற்கிறவர் எனக்கு வேலை சொல்லித் தருகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பிக்குப் பழைய ஹெட்டே போதும் என்றுதான் இருந்தது. "டர்போதானே காத்தப் புடிச்சுத் தள்ளுது. வாசலப் பெருசாக்கி என்னண்ணே ஆகப்போகுது? வளைவ மட்டும் சீராக்கிக் குடுங்க" என்றான். அவன் சொன்னது சரி. டர்போ எஞ்சினுக்கு வழியின் அகலத்தைவிட, வால்வுக்கு முன்னால் அது திரும்புகிற அந்தச் சின்ன வளைவுதான் முக்கியம். எனக்கு அது தெரியும். ஆனால் போட்டிக்குக் கொழும்பிலிருந்து வருகிற கார்களின் பொனட்டைத் திறந்து பார்க்கிறவர்கள் இதையும் திறந்து பார்ப்பார்கள், யார் செய்தது என்று கேட்பார்கள் என்ற ஆசை எனக்கு. பெரிய போர்ட் ஹெட்டையே எடுத்தேன்.

இன்னொன்றும் சொன்னான். அதே மாடலில் வெடித்த ஹெட் ஒன்று எங்கள் மூலையில் கிடந்தது. அதை அறுத்துப் பார்த்தால் தண்ணீர் ஓடும் அறை எங்கே இருக்கிறது, போர்ட்டின் சுவர் எத்தனை தடிப்பு என்று கண்ணாலேயே கண்டுவிடலாம். "அறுத்துப் பாத்துட்டுத் தோண்டுங்கண்ணே" என்றான்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மலைநாட்டுக் கராஜ்காரன் ஹெட்டை அறுக்கமாட்டான். ஏற்றத்தில் கொதித்து வெடித்த ஹெட்டைக்கூட ஒட்டி, தேய்த்து, மறுபடி ஓட வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலத்தில் இப்படி மூலையில் கிடந்தவைதான் எத்தனையோ வேன்களை மறுபடி ரோட்டில் ஏற்றின. "நாளைக்கு ஒருத்தன் இதக் கேட்டு வந்து நிப்பான்டா. எனக்கு வெரலே போதும்" என்றேன்.

விரலை நம்பித்தான் வேலை நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. பெற்றோல் எரியும் அறைகளில் சூடேறிச் சிவந்து, அதை முன்கூட்டியே பற்றவைக்கக்கூடிய கூர்முனைகளை எல்லாம் மழுக்கினேன். ஒவ்வொரு அறையின் மேலும் கண்ணாடித் தகட்டை வைத்து, பாமசியில் வாங்கிய ஊசிக் குழாயால் மண்ணெண்ணெய் விட்டு எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து, நான்கையும் சமமாக்கினேன். முதல் மூன்று போர்ட்டுகளும் வழுவழுவென்று வந்தன. நான்காவதில், பின்னேரம் மூன்று மணி இருக்கும், வெளியே மழை, வளைவுக்குக் கீழே ஊசிமுனை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. துடைத்தேன். போகவில்லை. மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஓடும் அறைப்பக்கம் கசிந்தது.

அந்த ஓட்டையால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதே தெரியும். டர்போ அழுத்தும்போது காற்று அதன் வழியாகத் தண்ணீருக்குள் புகும். புகுந்தால் தண்ணீர் போக இடமில்லாமல் ரப்பர்க் குழாயான ஹோஸைப் பிடுங்கிக்கொண்டு வரும். செய்ய வேண்டியதும் தெரியும். ஒன்றில் பழைய ஹெட்டை எடுத்துப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் டவுனில் அலுமினியம் ஒட்டுகிறவரிடம் கொண்டுபோக வேண்டும். அவரிடம் போனால் இரண்டு நாளில் கண்டி முழுக்கத் தெரியும். பழையதைப் பூட்டினால் தம்பிக்குக் காரணம் சொல்ல வேண்டும். போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

இரண்டு குழாயாக வரும் உலோகப் பசையைக் கலந்து அடைத்தேன். காய்ந்ததும் தேய்த்தேன். எனக்கே இடம் தெரியவில்லை. தண்ணீர் வழிகளை ரப்பர் வைத்து மூடி, காற்றடித்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஓடுகிற எஞ்சினின் சூடும் அழுத்தமும் வெந்நீர்த் தொட்டியில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த ஹெட் மேசையில் இருந்தபோதுதான் தம்பியின் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"இதுதானா மாமா அது? நல்லா இருக்கும்தானே?"

"இருக்கும். நீ பயப்படாத" என்றேன். அவள் கொண்டுவந்த சோற்றையும் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

போட்டி தேயிலைக்கு நடுவில் போகும் ஒரு தோட்டப் பாதையில். தம்பி காருக்குள் ஏறிப் பெல்ட்டை இழுத்தபோது ஜன்னலருகே போனேன். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். "டெம்பரேச்சரப் பாத்துக்கடா" என்று மட்டும் வந்தது. அவன் சிரித்தான். "நீங்க செஞ்ச ஹெட்டுண்ணே. நான் ரோட்டப் பாக்குறேன்" என்றான்.

முதல் ஓட்டத்தில் நல்ல நேரம். ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பசை பிடித்துவிட்டது, தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன். இரண்டாவது ஓட்டத்தில் மூன்றாம் வளைவுக்கு மேலே வெள்ளையாக ஆவி எழுந்தது. எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது. நான் தேயிலைக்குள்ளால் ஏறி ஓடினேன். ஹோஸ் பிய்ந்து, கொதிநீர் கண்ணாடி முழுக்க அடித்திருந்தது. பாதை தெரியாமல் அவன் மண்திட்டில் மோதியிருந்தான். மற்றப் பக்கம் திரும்பியிருந்தால் பள்ளம்.

தோள் எலும்பு முறிந்திருந்தது. மணிக்கட்டும் இரண்டு இடத்தில் முறிவு. காரைக் கராஜுக்கு இழுத்து வந்ததும் முதல் வேலையாக ஹெட்டைக் கழற்றினேன். நான்காவது போர்ட்டில் பசை இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. அந்த ஹெட்டை நானே கிரைண்டரால் நான்கு துண்டாக அறுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். வாழ்க்கையில் நான் அறுத்த முதல் ஹெட் அது.

மறுநாள் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனேன். அவன் மனைவி கட்டிலருகே கதிரையில் இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, என்னத் திட்டாதீங்க. ரெண்டாவது ஓட்டத்துக்கு முன்னால டர்போ அழுத்தத்தக் கொஞ்சம் கூட்டிட்டேன். ஒங்ககிட்டச் சொல்லல. நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்ச ஹெட்ட நான்தான் நாசமாக்கிட்டேன்."

அழுத்தம் கூட்டும் திருகில் அவன் கூட்டியது அரைத் திருப்பு. நல்ல ஹெட் என்றால் அது ஒன்றுமே இல்லை. அவன் மனைவி தலைகுனிந்து, "மன்னிச்சிருங்க மாமா" என்றாள்.

எனக்கு உள்ளே ஏதோ இறங்கியது. அது நிம்மதி. வேறு பெயர் வைத்து ஏமாற்ற விரும்பவில்லை. அவனைப் பார்த்து, என் வழக்கமான கோபக் குரலில், "இனிமே என்னக் கேக்காம எதுலயும் கை வைக்காத" என்றேன்.

"சரிண்ணே" என்றான்.

அவன் கை எலும்பு கூடி இரண்டு வருடமாகிறது. இன்றுவரை என்னைக் கேட்காமல் அவன் ஒரு நட்டைக்கூடத் திருப்புவதில்லை.