லைசென்ஸ் இல்லாத நாட்கள்

நாங்கள் லண்டனில் இருந்த காலத்தில், வேகமாகக் கார் ஓடிப் பிடிபட்டால் லைசென்ஸையே அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தண்டப் புள்ளி பதிந்து திரும்பி வரும். ஒருமுறை என் கணவருடையது அப்படிப் போனது. அது வரும்வரை கார் ஓடலாம்தான். ஆனால் அவர், "கையில லைசென்ஸ் இல்லாமல் ஓட எனக்கு மனமில்லையப்பா" என்று என்னோடு பஸ்ஸில் வந்தார். மேல்தட்டு முன் இருக்கையில் கடலை கொறித்தபடி கதைத்துக்கொண்டு போவோம்.

பிறகு ஆக்லாந்துக்குக் குடிவந்தோம். இங்கே நானும் சில தடவை பிடிபட்டேன். ஒருவரும் லைசென்ஸை வாங்கவில்லை. அபராதம் கட்டியதோடு முடிந்தது என்றிருந்தேன். சில மாதங்களுக்கு முன் புறநகரான லின்ஃபீல்டில் என்னை மறித்த பொலிஸ் பெண், கையிலிருந்த கருவியைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை பிடிபட்டால் மூன்று மாதம் ஓடவே முடியாது என்றார். புள்ளிகளெல்லாம் கணினியில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன! வீடு வரும்வரை மெதுவாகவே ஓடினேன்.

கணவரிடம் சொன்னேன். "லண்டனிலயும் இப்ப லைசென்ஸை வாங்கிறேல்லையாம். உம்மட்ட நான்தான் வாங்க வேணும்" என்று கையை நீட்டினார்.

இப்போது மாதாமாதம் இணையத்தில் என் புள்ளிகளைப் பார்க்கிறேன். அன்று வாங்கி அலுமாரியில் வைத்த லைசென்ஸை அவர் இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. நகர மையத்துக்கு இருவரும் பஸ்ஸில்தான் போகிறோம். கடலையை நான் வாங்குகிறேன்.