எதிரிகளுக்குப் பிணை

கோப்பாயில் பிரதேச சபைக்குத் தெரிவானபோது என்னிடம் வந்த முறைப்பாடுகளில் பாதி தெருவிளக்கு பற்றியவை. மீதி அடுத்த வீட்டு நாய் பற்றியவை. மாகாண அமைச்சரானதும் விளக்கும் நாயும் விட்டுப்போய்த் திறப்பு விழாக்கள் வந்தன. கழுத்தில் விழுந்த மாலைகளை எண்ணுவேன். வாழ்த்திப் பேசுபவர்களையும் எண்ணுவேன். இப்போது பல்கலைக்கழக வேந்தர். பட்டமளிப்பு விழாவில் கனத்த அங்கிக்குள் வேர்த்துக்கொண்டிருப்பதே பணி. பதவி ஏற ஏற எனக்கு வேலை குறைகிறது என்பாள் மனைவி.

அண்மையில் ஒரு வேலை வந்தது. விடுதியில் தண்ணீர் இல்லையென்று நான்கு மாணவர்கள் நிர்வாகக் கட்டட வாசலைப் பூட்டிவிட்டார்கள். நிர்வாகம் அவர்களை இடைநிறுத்தியது. திங்கட்கிழமை இறுதிப் பரீட்சை. எழுதாவிட்டால் ஒரு வருடம் வீண். மற்ற மாணவர்கள் வாசலில் குந்திவிட்டார்கள். இரு தரப்புக்கும் பொதுவான ஆள் என்று துணைவேந்தர் என்னை அழைத்தார்.

போனேன். முன்வரிசையில் மட்டும் முப்பத்தாறு பேர். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. ஒலிவாங்கியைப் பிடித்ததும், அரசியலுக்கு முன் சட்டத்தரணியாக இருந்த காலத்து நீதிமன்றப் பழக்கம் முந்திக்கொண்டது. "இந்த நாலு எதிரிகள் சம்பந்தமாக" என்று தொடங்கிவிட்டேன்.

எங்கள் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்றுதான் பெயர். சாவகச்சேரி நீதிமன்றத்தில் அந்தச் சொல்லுக்கு ஒருவரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். இங்கே கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. வேந்தரே மாணவரை எதிரி என்கிறார் என்று பின்னால் சத்தம் கிளம்பியது. துணைவேந்தர் தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடைநிறுத்தப்பட்ட நால்வரில் ஒருத்தி, சட்டம் படிப்பவள், கையைக் காட்டிக் கூட்டத்தை அடக்கினாள்.

"ஐயா கோட்டுப் பாஷை கதைக்கிறார், இருங்கோ" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "எதிரியெண்டா வழக்கு முடியுமட்டும் பிணை குடுக்கலாமெல்லே, ஐயா?"

கூட்டம் சிரித்தது. அது அடங்குமுன், விசாரணை முடியும்வரை நால்வரையும் பரீட்சை எழுத விடலாமே என்று துணைவேந்தரிடம் கேட்டேன். மனிதர் கெட்டிக்காரர்.

"விடலாம். பிணை நிக்கிறது ஆர்?"

தன் வழக்கின் கட்சிக்காரருக்குத் தானே பிணை நிற்கும் சட்டத்தரணியை நான் கண்டதில்லை. நானும் நின்றதில்லை. ஆனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன்.

வாசல் திறந்தது. நால்வரும் பரீட்சை எழுதுகிறார்கள். நானோ காலைதோறும் துணைவேந்தருக்குத் தொலைபேசி எடுத்து, வாசல் திறந்திருக்கிறதா, விடுதிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்கிறேன். நேற்று அவருடைய உதவியாளர்தான் எடுத்தார். தண்ணீர் வருகிறதாம். துணைவேந்தர் கூட்டத்தில் இருக்கிறாராம், நாளைக்கும் கூட்டமாம்.