ஒஸ்வல்டுக்குக் கட்டிய பாட்டு

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார் இஞ்ஞாசி. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். சாவு வீடுகளுக்கு அவரே மெட்டுக் கட்டிப் பாடுவார்.

எண்பத்தொன்பதில் தொழிற்சங்கத் தலைவர் ஒஸ்வல்டை, பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே ஆயுதக் கிளர்ச்சிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். யாரும் வேலைக்குப் போகக்கூடாது என்று அவர்கள் விட்ட கட்டளையை மீறி, பிள்ளைகளைப் பட்டினி போட முடியாது என்று ஆட்களைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பியவர் அவர்.

அவர் மனைவி மார்ஜரி இஞ்ஞாசியைக் கூப்பிட்டனுப்பினாள்.

"பேசிப் பேசியே வாழ்ந்த மனுசன், அண்ணே. அவர சத்தமில்லாம அனுப்பிடாதீங்க."

மத்தியானம் முழுக்க இஞ்ஞாசி கோயிலில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார். விரல் எங்கே போனாலும் பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பலே வந்தது. அது ஆண்டவருக்கு உரியது. ஆனால் ஒஸ்வல்ட் கோபக்காரர், சிரித்தால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும். கூட்டம் தொடங்குமுன் "எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று இழுத்துக் கேட்பது அவர் வழக்கம். அந்த இழுப்பைப் பிடித்ததும் முதல் அடி அமைந்தது. பாடிப் பார்த்தவர் ஆர்மோனியத்தின் மேலேயே கவிழ்ந்து அழுதார்.

மறுநாள் காலை லயத்துச் சுவரில் கிளர்ச்சிக்காரர்களின் போஸ்டர் ஒட்டியிருந்தது. கட்டளையை மீறியவனுக்கு மரியாதை கிடையாது; சவப்பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கக்கூடாது. மேளம், பாட்டு எதுவும் கூடாது. சேர்ந்து பாட ஒத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். இஞ்ஞாசியின் மனைவி அஞ்சலா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்களயும் சுட்டுட்டா நாங்க யார்கிட்ட போறது?"

இஞ்ஞாசி ஆர்மோனியத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்.

நான்கு பேர் இடுப்பை வளைத்துக் குனிந்தபடி பெட்டியைத் தூக்கிப் போனார்கள். அது அடிக்கடி தரையில் இடித்தது. மயானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத இருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது இஞ்ஞாசி பாடாமல் திரும்பிவிடத்தான் நினைத்தார். மார்ஜரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடினார். "எல்லாரும் வந்துட்டோமே, எங்கே போனீங்க..."

கூட்டத்தில் ஒருவரும் நிமிரவில்லை. ஒருவரும் சேர்ந்து பாடவும் இல்லை. இரண்டாம் அடி எடுக்குமுன் மார்ஜரி ஓடிவந்து அவர் வாயைக் கையால் பொத்தினாள். அவள் கண் சைக்கிள்காரர்கள் மேல் இருந்தது.

"போதும், அண்ணே. அவருக்குக் கேட்டிருக்கும்."

அன்று பின்னேரமே, பாடினவன் யார் என்று அந்தச் சைக்கிள்காரர்கள் லயத்தில் விசாரித்தார்கள். கோயில் பாதர் தன் வேனில் இஞ்ஞாசியின் குடும்பத்தை ஏற்றி, தூரத்தில் இருந்த வத்தளைக்கு அனுப்பினார். அங்கே கோயிலில் ஆர்மோனியம் வாசிக்க ஆள் தேடினார்கள். தனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டார் இஞ்ஞாசி. பக்கத்தில் நின்ற அஞ்சலாவும் வாய் திறக்கவில்லை.