எல்லை நடக்கும் பாஞ்சாலை

பாஞ்சாலை வரைபடத்தைக் கையில் வைத்துப் படிப்பதில்லை. தரையில் விரித்து, தாளின் வடக்கும் மலையின் வடக்கும் ஒன்றாகும்வரை திருப்பிக்கொண்டே இருப்பாள். சரியாக அமைந்ததும் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு அதன் முன் குந்துவாள்.

நெல்லிவாசல்நாடு என்ற மலையூரில் சாமை விதைக்க அவளுக்கு இரண்டு துண்டு நிலம். மற்ற நேரத்தில் ஊரின் வன உரிமைக் குழுவுக்காக எல்லை நடக்கிறாள். காலங்காலமாக உழுகிற நிலத்துக்கு உரிமைப் பத்திரம் கேட்பவர்கள், அதன் எல்லையை ஜி.பி.எஸ். கருவியோடு சுற்றி நடந்து பதிந்து தர வேண்டும். அந்தக் கருவிக்கு அவள் வைத்த பெயர் டப்பா. தூறல் போட்டால் தன் தலையை விட்டுவிட்டு அதற்குத்தான் பால் கவரை மாட்டுவாள்.

வரைபடத்தில் மலையின் உயரம் காட்டும் கோடுகளை அவளைப்போல் எளிதாக விளக்கியவர்களை நான் சுற்றிய ஊர்களில் பார்த்ததில்லை. "கோடு நெருக்கமா இருந்தா மூச்சு வாங்கும். அகலமா இருந்தா கத பேசிக்கினே போலாம்." போனில் வரும் வரைபடத்தின்மேல் அவளுக்குக் கோபமில்லை, கேலிதான். "அடுத்த ஊரு ரெண்டு கிலோமீட்டராம். நடுவுல கீற பள்ளத்துல யாரு எறங்குறது, அதுவா?"

அப்படிப்பட்டவளே ஒருமுறை தப்பாக நடந்தாள். அதே ஊர்ச் சாந்தம்மாளின் மனு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. எல்லைக் கோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது, கணினி பரப்பளவை ஏற்கவில்லை என்று ஒரு குறிப்பு. மறுநாள்தான் கடைசி நாள். தவறினால் அடுத்து எப்போது மனு வாங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பாஞ்சாலை தாளை விரித்துப் பார்த்தாள். கோடு ஒழுங்காக ஓடிவந்து, ஈசானிய மூலையில் நூல்கண்டு சிக்கியதுபோல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருந்தது. அந்த மூலையில் காவல் சாமி வேடியப்பனின் கல் இருக்கிறது. ஊரில் யாரும் அதை மூன்று முறை சுற்றாமல் கடப்பதில்லை. அன்று அவளும் சுற்றினாள், கழுத்தில் பதிவு ஓடிக்கொண்டிருந்த டப்பாவோடு.

மறுபடி எல்லை நடக்க அன்றே கிளம்பினாள்; நானும் கூடப் போனேன். நிலத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த சாந்தம்மாள் நிமிர்ந்தாள். "சாமியச் சுத்தனதுக்கா என் காயிதத்தத் திருப்பி அனுப்சிட்டாங்க?"

"சாமியச் சுத்தனதுக்கு இல்லக்கா. டப்பாவோட சுத்தனதுக்கு."

"அப்ப இந்தவாட்டி சுத்தாமப் போய்டு."

"ஏன், எனுக்குக் கை கால் நல்லா இருக்கறது புடிக்கலியா ஒனுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் சாந்தம்மாள் களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே நடக்க வந்துவிட்டாள். "இருவது வருசமாக் கல்லு பொறுக்குன நெலம். நல்லாப் பாத்து நடடி."

பாஞ்சாலை வரப்பை ஒட்டி, கால்மேல் கால் வைப்பதுபோல் நடந்தாள். வேடியப்பன் வந்ததும் பதிவை நிறுத்தி, டப்பாவை என் கழுத்தில் மாட்டினாள். "அசையாத. நின்ன எடத்துலயே நில்லு." இருவரும் மூன்று சுற்று முடித்து வரும்வரை நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன். திரும்பி வந்தவள் தன் பழைய காலடியிலேயே கால் பதித்து, பதிவை மறுபடி ஓடவிட்டாள்.

கடைசி மூலையில் ஒரு புளியமரம். இலை மறைப்பில், இடம் காட்டும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக டப்பாவின் திரையிலிருந்து காணாமற்போயின. சாந்தம்மாள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பாஞ்சாலையின் முகத்தை. பாஞ்சாலை டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றாள். காற்று கிளையை விலக்கியபோதெல்லாம் ஒன்று வந்தது, ஒன்று போனது. அவள் இரண்டு முறை கை மாற்றிப் பிடித்த பிறகுதான் பதிவுக்குப் போதுமான ஏழு சேர்ந்தன.

"வந்துட்டானுங்க" என்று சொல்லிவிட்டு மீதித் தூரத்தையும் நடந்து, தொடங்கிய கல்லில் வந்து நின்றாள். கோடு எங்கும் வெட்டாமல் மூடிக்கொண்டது. ஒரு ஏக்கர் அறுபத்திரண்டு சென்ட். பதியவா என்று திரை கேட்டது.

பாஞ்சாலை பொத்தானை அமுக்கவில்லை. சாந்தம்மாளின் வலது கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலில் அப்பியிருந்த ஈரமண்ணைத் தன் முந்தானையால் நகக்கண்வரை துடைத்து, டப்பாவை அவள் பக்கம் நீட்டினாள்.