பெட்டிக்குள் வந்த கொடகவெல மலை

ஒரு மலையை டைப் அடித்துக் காட்டி மனைவியைச் சமாதானப்படுத்திவிடலாம் என்று நம்பிய முட்டாள், இந்த இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டெலிவிஷன் புதிதாக வந்திருந்த காலம். நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கர். தோட்டத்து உதவி மேனேஜரான எங்கள் சின்னதொரை லண்டனிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி கொண்டுவந்திருந்தார். கம்ப்யூட்டராம். அதை டெலிவிஷனில் மாட்டி, புத்தகத்தைப் பார்த்து வரிவரியாகக் கட்டளைகளை அடித்தால், திரையில் மலையும் பள்ளமும் கறுப்புக் கட்டங்களாக எழும்பும். அடிக்க அவருக்குப் பொறுமை இல்லை. என்னைத் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டார்.

முதல் நாளே வந்தது அந்த மலை. இரண்டு திமில், நடுவே ஒரு வெட்டு, இடப்பக்கம் நீளச் சரிவு. கொடகவெலப் பக்கம் என் மனைவி பிறந்த தோட்டத்துக்குப் பின்னால் நிற்கிற மலையேதான்! ஊருக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவள் கேட்டு இரண்டு வருஷம். நான் கூலிக்கணக்கு எழுதும் செக்ரோல் வேலையைச் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஒங்க ஊரையே பங்களாவுக்கு வரவச்சிட்டேன், வா" என்று மறுநாள் மாலை அழைத்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

பெட்டியை அணைத்தால் அடித்ததெல்லாம் போய்விடும். மறுபடி முழுதும் அடித்தேன். வந்தது வெறும் சமவெளி. எங்கோ ஒரு கமா விட்டுப்போயிருக்கும் என்று திரும்பவும் அடித்தேன். ஊசி ஊசியாக ஏதோ நின்றது. என் டைப்ரைட்டரில் ஒரே கடிதத்தைப் பத்துத் தரம் அடித்தாலும் அதே கடிதம்தானே வரும்?

"நீங்க அடிச்சதுல பிழை இல்ல, கிளாக்கர். சரியாத்தான் இருக்கு" என்றார் சின்னதொரை. "ஒவ்வொரு தடவையும் அது உள்ளுக்குத் தாயம் உருட்டும். விழுற எண்ணுக்கு ஏத்த மலை. திரும்ப அடிக்கவும் தேவையில்ல, இந்தப் பட்டனை அமுக்கினாப் போதும்."

"அப்ப நேத்து விழுந்த தாயத்தையே போடச் சொல்லுங்க தொரை."

"அது அதுக்கே தெரியாது."

தான் போட்ட மலை தனக்கே தெரியாதா? ஒன்றும் விளங்காமல் பட்டனை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். மேடு, ஓடை, கடைசியில் கடல் மாதிரி ஒன்று.

"கொஞ்சம் பொறு, இப்ப வந்துரும்."

நாற்காலி நுனியில் இருந்தவள் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"பஸ்ல போனா அது அங்கனயே நிக்குங்க."