சந்தைக்குப் போன பச்சோந்தி

பச்சோந்தியைக் கண்டால் கல்லெடுக்கிற ஊரில் நான் அதை வைத்து வியாபாரம் செய்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஆறு மாத காலம்.

பல்பொடி விற்பது என் தொழில். திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். கடுக்காயும் கிராம்பும் உப்பும் உமிக்கரியும் சேர்த்து இடித்து, சலித்து, இருவருமாகப் பொட்டலம் கட்டுவோம். தகரப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாரச் சந்தைகளுக்குப் போவது நான். ஆறேழு சந்தைகள். எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் வேறொரு பல்பொடிக்காரர் உட்கார்ந்திருப்பார்.

ஒரு புரட்டாசி மாதம், கொல்லையில் கிளுவை வேலியை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிப்போட்ட கிளையோடு பச்சோந்தி ஒன்றும் கீழே வந்து விழுந்தது. அரிவாளை ஓங்கிவிட்டேன். மனைவிதான் கையைப் பிடித்தாள்.

"உடுங்க, அது உங்களை என்ன பண்ணுச்சு? எங்கூர்ல வேலிக்கு நாலு கெடக்கும்" என்றாள். அவள் பிறந்த ஊர் ஒரு கரட்டுக் குன்றின் அடிவாரம். கிளையோடு தூக்கி, வாசல் முருங்கையில் சாய்த்து வைத்தாள். ஒரு கண் அவளைப் பார்த்தது, இன்னொரு கண் என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாக மேலே ஏறியது.

அது அங்கேயே தங்கிவிட்டது. காலையில் அவள் இலைகளின் மேல் தண்ணீர் தெளிப்பாள். சொட்டுகளை அது நக்கும். வெட்டுக்கிளியைப் பிடித்து வந்து குச்சி நுனியில் நீட்டினால் ஒரு சாண் தூரத்திலிருந்தே நாக்கை வீசிச் சுருட்டிக்கொள்ளும். ஒரு மாதத்தில் அவள் கையில் ஏறத் தொடங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

முதல் சந்தையிலேயே கூட்டம் கூடிவிட்டது. பெட்டியின் மேல் ஒரு கவட்டைக் குச்சியை நட்டு அதில் பச்சோந்தியை விட்டேன். "பாருங்க சாமி, பச்சையா இருக்குது. இப்பப் பாருங்க, கருப்பாகுது! பச்சையைக் கருப்பாக்க இதுக்குத் தெரியும். கருப்புப் பல்லை வெள்ளையாக்க என்ற பொடிக்குத் தெரியும்!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பல்பொடிக்காரர் அன்று மத்தியானமே கடையைக் கட்டினார்.

தை மாதம் ஒருநாள் மனைவி சொன்னாள், "ஏனுங்க, சந்தைக்குப் போயிட்டு வந்தா இது ரெண்டு நாளைக்கு எதையும் தின்ன மாட்டேங்குது."

"சந்தையில ஈ புடிச்சுத் தின்னிருக்கும்."

"தின்னா வயிறு இப்படியா ஒட்டிக் கெடக்கும்? வரும்போதே கருகருன்னு வருது."

"வெயில்ல கருக்கத்தான் செய்யும். மார்கழிக் காலையில நம்மூட்டு மரத்துலயே கருப்பாத்தான இருந்துச்சு?"

அது பொய்யில்லை. குளிர்ந்த காலைகளில் பச்சோந்தி கிளை நுனிக்கு வந்து, ஒரு பக்க உடம்பைச் சூரியனுக்குக் காட்டி, கறுத்துப்போய் உட்கார்ந்திருக்கும். சூடேறியதும் பச்சைக்குத் திரும்பிவிடும். அவளும் பார்த்திருக்கிறாள்.

"அந்தக் கருப்பு வேற, இது வேறங்க. வெயிலுக்குக் கருத்தா கம்முனு ஒக்காந்திருக்குது. சந்தையிலிருந்து வந்தா வாயைத் தொறந்து சீறுது. என்ற கையிலயே ஏற மாட்டேங்குது."

 நாலுபேரைப் பார்த்துப் பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உண்மையில் அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அவளிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. சந்தையில் பச்சோந்தி சில நாள் தானாக நிறம் மாறாது. கூட்டம் பொறுமை இழக்கும். அப்போது என் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை எடுத்து அதன் முகத்துக்கு நேரே ஒரு சொடுக்கு சொடுக்குவேன். உடம்பு பலகை போலத் தட்டையாகும், தொண்டை உப்பும், கண்மூடித் திறப்பதற்குள் கரும்புள்ளிகள் பரவி மேலெல்லாம் கறுத்துவிடும். கூட்டம் கைதட்டும். ஒரு சந்தைக்குப் பத்துத் தடவையாவது துண்டைச் சொடுக்கியிருப்பேன்.

பங்குனியில் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பஸ்ஸில் போனேன். அன்று மனைவியும் சேலம் வந்திருந்தாள். அவளுடைய அக்கா மகளுக்குக் கல்யாணம், ஜவுளி எடுக்க அக்காவோடு கடைவீதிக்கு வந்திருந்தாள். ஜவுளி எடுக்கப் போன பெண்கள் பொழுது சாய்ந்துதான் வருவார்கள் என்று நான் என்பாட்டுக்குக் கடை போட்டேன். மளிகைக் கிடங்குகளுக்கு நடுவில் ஒரு முச்சந்தி. மூட்டை தூக்குபவர்கள், வண்டிக்காரர்கள் என்று நல்ல கூட்டம். அந்தச் சமயம் பார்த்து மேளக்காரர்கள் வேறு அந்தத் தெரு வழியாகப் போனார்கள். பச்சோந்தி குச்சியின் பின்பக்கமாகப் போய் ஒளிந்துகொண்டது. குச்சியைத் திருப்பினேன், அது மறுபடியும் பின்பக்கம் போனது. கூட்டம் சிரித்தது. நான் துண்டைச் சொடுக்கினேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது சொடுக்கில் அது பிடி நழுவிக் கீழே விழுந்தது.

நான் குனிவதற்கு முன் இன்னொரு கை அதை எடுத்தது. கண்ணாடி வளையல்களைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

மனைவி முந்தானையால் அதை மூடிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். "பொண்டாட்டி வந்துட்டாடோய்!" என்று எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். காது மடல் வரை எனக்குச் சுட்டது. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். கோபமாகத்தான் ஓடினேன்.

ஒரு தானியக் கிடங்கின் பின்புறம், வேப்பமர நிழலில் நின்றிருந்தாள்.

"நாலு பேர் முன்னால இப்படியா மானத்தை வாங்குவ?"

"இங்க தொடுங்க" என்றாள். முந்தானையை விலக்கினாள்.

"என்ன?"

"தொட்டுப் பாருங்களேன்."

அதன் விலாவில் விரலை வைத்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. மேளம் தூரத்தில் போய்விட்டது, கூட்டமும் இல்லை, துண்டு என் தோளில்தான் கிடந்தது. இருந்தும் நடுக்கம் நிற்கவில்லை. ஆறு மாதமாக அதைக் குச்சியில் ஏற்றுவதும் கூடைக்குள் போடுவதுமாக இருந்திருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூட இப்படி விரல் வைத்து நின்று பார்த்ததில்லை.

"பயந்து சாகுது. அதைத்தான நீங்க வித்தைன்னு காட்டிக்கிட்டிருக்கீங்க" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கூட்டத்தின் முன்னால் பட்டதைவிட இது அதிகம். ஊர் திரும்பும் பஸ்ஸில் அவள் அதை மடியிலேயே வைத்திருந்தாள். 

நாலு நாள் அது ஒன்றும் தின்னவில்லை. கண் குழி விழுந்து, கிளையைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாமல் இருந்தது. யாரும் அருகே போகாதபடி மரத்தைச் சுற்றி ஓலைத் தட்டியை மறைப்பாகக் கட்டினேன். மனைவி மட்டும் காலையும் மாலையும் போய் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்துவிடுவாள். ஐந்தாம் நாள் ஒரு வெட்டுக்கிளியைத் தின்றது. அவள் சமையற்கட்டுக்கு ஓடிவந்து என்னிடம் சொன்னாள். நான் உலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அதை வெளியே கொண்டுபோகவில்லை. முதல் இரண்டு மாதம் கஷ்டம்தான். "பச்சோந்தி எங்கப்பா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோனார்கள். வேறு வழி தெரியாமல், வெற்றிலை போட்டுப் பல் காவியேறிய ஒருவரைக் கூட்டத்திலிருந்து அழைத்து உட்கார வைத்து, அவருடைய முன்பற்கள் இரண்டை மட்டும் என் பொடியால் துலக்கச் சொன்னேன். இரண்டு பல் வெளுப்போடு அவர் சந்தை முழுக்கச் சுற்றிவிட்டு, மிச்சத்துக்கும் பொட்டலம் வாங்கிப்போனார். அதையே தொடர்ந்தேன். மழைக்காலத்தில் பச்சோந்தி மரத்திலிருந்து இறங்கியது. மெத்தென்ற மண்ணில் ஒரு பகல் முழுக்கக் குழி பறித்து முட்டையிட்டு, மண்ணை மூடிவிட்டு வேலிப் பக்கம் போனது. நாங்கள் தடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து, உலகச் சண்டைக் காலத்தில், சேலம் அஸ்தம்பட்டிக்குப் பல்பொடி கொண்டுபோனபோது, வாத்தியார் ஒருவர் தோளில் பச்சோந்தியோடு கடைத்தெருவில் நடந்து வருவதைப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் ஒரு பட்டாளமே பின்னால் வந்தது. நானும் ஒரு காலத்தில் பச்சோந்தி வைத்திருந்ததாகச் சொன்னதும், நின்று பேசினார்.

"இது எங்கிட்ட நல்லாப் பழகிடுச்சுங்க. எங்க போனாலும் சத்தம் போடாம வருது."

"சீறுறதைத் தவிர அதுக்குச் சத்தமே கிடையாதுங்க. வெளிய போயிட்டு வந்த மறுநாள் எரை எடுக்குதுங்களா?"

யோசித்தார். "மறுநாள் எடுக்காது. அது அதோட சுபாவம்னு நினைச்சேன்."

"வெளிய போகாத நாள்ல?"

"எடுக்கும்" என்றார்.  அதன் விலாவைக் காட்டி, விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்துப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் போகச் சொல்லிவிட்டு, குடையை விரித்துத் தோளோடு மறைத்துக்கொண்டு, கூட்டமில்லாத சந்து வழியாக வீட்டுக்குத் திரும்பினார்.